கஷ்டத்தில் "நீர்" என்று ஜெபிப்பது: புலம்பல் சங்கீதங்களோடு ஒரு முழுமையான வழிகாட்டி

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது. அந்த நாற்காலியில்தான் புலம்பல் சங்கீதங்களை, அதாவது வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் துக்கத்தைக் கர்த்தரிடம் கொட்டுகிற பாட்டுகளை, வைத்து ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தோடு நோயும் கடனும் சாவும் வந்த வீடுகளுக்குப் போகும்போது, இதே முறையை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது இப்போது ஓரளவு தெரியும்.

அநேகர் செய்வது ஒரே தவறுதான்: கடைசிப் படியை முதலில் வைத்துவிடுகிறார்கள். "கர்த்தர் என்னோடு இருக்கிறார், பயமில்லை" என்பது நடந்து போய்ச் சேரவேண்டிய வாக்கியம். முதல் நாளே அதைச் சொல்லி, உள்ளே கிடக்கிற பயத்தையும் கோபத்தையும் மூடிவைத்தால், இரண்டாம் மாதம் ஜெபமே நின்றுபோகிறது. சங்கீதக்காரர்கள் போன வரிசையில் போனால் அந்த வாக்கியம் பாரம் தாங்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் தேவையானவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. போனில் வாசித்தால் மூன்றாம் வசனத்தில் ஆஸ்பத்திரி பில்லோ உறவினர் அழைப்போ வந்து நிற்கும். கத்தோலிக்கர் திருவிவிலியத்தில் "திருப்பாடல்கள்" என்று பார்க்கவேண்டும். பழைய கத்தோலிக்கப் பதிப்பு கையில் இருந்தால் 10-க்கு மேல் எண் ஒன்று குறைவாக இருக்கலாம். நான் 13 என்று சொல்வது அங்கே 12.

மெல்லிய பள்ளிக்கூட நோட்டு ஒன்று. இதை யாரும் படிக்கப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். யாராவது படிப்பார்கள் என்று தோன்றினால், எழுதும்போதே கை நல்ல வார்த்தைகளைத் தேட ஆரம்பித்துவிடும்.

15 நிமிஷம். கஷ்டக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன் என்று தீர்மானம் எடுக்காதீர்கள்; நாலு நாளில் உடையும், அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு ஜெபத்தைக் கட்டிவிடுங்கள். என் கணவரின் இடது முன்கையில் டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள், இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துவைப்பது அது. தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். விரலை வைத்தால் தோலுக்கடியில் தேனீக்கூடு மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது இருந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் "ஓடுது" என்பார். அந்த வார்த்தை வந்ததும் வேதாகமத்தைத் திறப்போம். நினைவில் வைக்கவேண்டிய அவசியமே வரவில்லை.

நான்காவது, ஓர் ஆள். கேட்டதை வெளியே சொல்லாதவர், உடனே புத்தி சொல்லாதவர். அவருடைய வேலை 10-ஆம் படியில் வரும். இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உடைந்துபோன நாளில் ஆள் தேட முடியாது.

2. முதலில் சாப்பாடு, தூக்கம், மருந்து

1 இராஜாக்கள் 19-ஐ வாசியுங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறான். இரண்டாந்தரம் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. அந்தப் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்கிறார்.

இந்தப் படியை நான் தாண்டிக் குதித்தேன். அவருக்காக மூன்று நாள் உபவாசம் என்று தொடங்கி, இரண்டாம் நாள் மருந்துக் கடை வரிசையில் மயங்கி விழுந்தேன். எங்கள் இரண்டு பேரையும் பார்க்க மகள் காலேஜை விட்டுவிட்டு ஓடிவந்தாள். நோயாளியைக் கவனிக்கிறவர் பட்டினி கிடக்கவேண்டாம். சபை உபவாசித்து ஜெபிக்கட்டும், நீங்கள் கஞ்சியாவது குடியுங்கள்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். ஒரு கூட்டத்தில் என் கணவரிடம் "விசுவாசித்தால் டயாலிசிஸை விட்டுவிடலாம்" என்று சொன்னார்கள். சிறுநீரகம் முழுதும் நின்றுபோனவருக்கு டயாலிசிஸை நிறுத்தினால் உடம்பில் பொட்டாசியமும் நீரும் ஏறி சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். கர்த்தர் கூட இருக்கிறார் என்று நம்புவதற்கு அடையாளமாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். தூதன் கொடுத்த அடையைச் சாப்பிட்டது எலியாவின் விசுவாசத்தைக் குறைக்கவில்லை.

3. கஷ்டத்துக்கு ஒரே வரியில் பெயர் வையுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி. "எங்கள் பாடுகள்", "போராட்டங்கள்" என்று எழுதவேண்டாம். "சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் பணம் இல்லை." "மகன் மூன்று மாதமாய்ப் பேசவில்லை." இப்படி எழுதுங்கள்.

காரணம் இருக்கிறது. பெயரில்லாத பயம் வீடு முழுக்கப் பரவும். பெயர் வைத்தால் ஓரிடத்தில் நிற்கும். சங்கீதங்களைப் பாருங்கள், எல்லாம் தொட்டுப் பார்க்கக்கூடிய காரியங்கள்: 6-ஆம் சங்கீதத்தில் கண்ணீரால் நனைந்த படுக்கை, 102-இல் கூரைமேல் தனித்திருக்கிற குருவி, 22-இல் மேல்வாயோடு ஒட்டிக்கொண்ட நாக்கு.

அந்த நாக்கு எங்கள் வீட்டில் தெரிந்த ஒன்று. அவருக்கு டாக்டர் அனுமதித்தது நாளுக்கு ஒரு லிட்டர். குழம்பு, காபி எல்லாம் அதற்குள் அடக்கம். பாட்டிலில் பேனாவால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தார்: காலை, மதியம், இரவு. மே மாதத்தில் மதியக் கோடு பதினோரு மணிக்கே தீர்ந்துவிடும். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதியது ஒரே வார்த்தை: "தாகம்." நான் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவருடையதுதான் சரி.

4. சங்கீதத்தைத் தேர்ந்தெடுங்கள்

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தான். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது.

நோய் என்றால் 6, 38, 41. தூக்கம் வராத இரவுக்கு 77. கூடப் பழகினவரே கெடுத்திருந்தால் 55. செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் 7 அல்லது 35. வயதாகிப் பலம் குறைந்துபோனால் 71. அநியாயக்காரன் நன்றாயிருக்கிறானே என்று வயிறு எரிந்தால் 73. ஆலயத்துக்குப் போகமுடியாமல் தூரமாய்ப் போனவர்களுக்கு 42, 43. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள், ஒரே பல்லவி இரண்டிலும் ஓடுகிறது. ஊரே பாதிக்கப்பட்டிருந்தால் 44 அல்லது 80. எதுவுமே புரியாத நிலையில் இருப்பவர் 13-இல் தொடங்கலாம், ஆறே வசனம்.

ஒரு வாரத்துக்கு ஒரே சங்கீதம். தினமும் ஒன்று மாற்றினால் அது வேதவாசிப்பாகிவிடும். நான்காம் நாள் வாசிக்கும்போதுதான் வார்த்தை வாயிலிருந்து கீழே இறங்குகிறது.

சத்தமாக வாசியுங்கள். ஆஸ்பத்திரியில் என்றால் உதடு அசைந்தால் போதும். கண்ணால் மட்டும் வாசிக்கும்போது கடினமான வரிகளை மனசு தாண்டிப்போய்விடுகிறது, வாய் தாண்டமுடியாது.

5. "அவர்" என்பதை "நீர்" என்று மாற்றுங்கள்

கஷ்டம் வந்த வீட்டில் கர்த்தரைப் பற்றிப் பேச்சு குறையாது. "அவர் பாத்துக்குவார்." "அவர் ஏன் இப்படிச் செய்தாரோ." "அவருக்குத் தெரியும்." எல்லாம் "அவர்". பக்கத்து அறையில் இருக்கிறவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

23-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். முதல் மூன்று வசனம் "அவர்": அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். புல்லும் தண்ணீரும் இருக்கிற இடம் அது. நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அந்த இடத்தில் பேச்சு மாறி "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" ஆகிறது. பச்சைப் புல்லில் அவரைப் பற்றிப் பேசியவன், இருட்டில் அவரிடமே பேசுகிறான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: முதல் பக்கத்தில் எழுதிய வரியை, கர்த்தரைப் பார்த்துச் சொல்வதாக மாற்றி எழுதுங்கள். "பணம் இல்லை" என்பது "ஆண்டவரே, சனிக்கிழமைக்குப் பணம் இல்லை, உமக்குத் தெரியும்" என்று ஆகட்டும். எழுதும்போது ஒன்றும் உணரவில்லை என்றாலும் எழுதுங்கள். ஒருவர் கூட இருக்கிறார் என்று நம்புவதற்கு நாம் முதலில் செய்யக்கூடியது அவரிடம் பேசுவதுதான். உணர்வு பின்னால் வரும், சில வாரம் வராது.

6. முறையீட்டை முழுதாகச் சொல்லுங்கள்

அதிக நேரம் எடுத்துக்கொள்ளவேண்டிய படி இது. பயந்து ஓடிவிடுகிற படியும் இதுதான்.

13-ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. முதலாவது, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர். இரண்டாவது, எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர். மூன்றாவது தன் நெஞ்சுக்குள் ஓடுகிற சஞ்சலத்தைப் பற்றியது. நான்காவது சத்துருவைப் பற்றியது. ஆக, இரண்டு கேள்வி நேராகக் கர்த்தரிடம், ஒன்று தன்னைப் பற்றி, ஒன்று வெளியே இருக்கிற பிரச்சினையைப் பற்றி.

அதே மாதிரி நான்கு வரி எழுதுங்கள். முதல் வருஷம் நான் எழுதினது:

எதுவரைக்கும் நான் கூப்பிட்டும் கேட்காதவர் மாதிரி இருப்பீர்?
எதுவரைக்கும் மற்ற வீடுகளில் மட்டும் உம் முகத்தைக் காட்டுவீர்?
எதுவரைக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்?
எதுவரைக்கும் அந்த மெஷின் எங்கள் வாரத்தைப் பங்குபோடும்?

இரண்டாம் வரியை எழுதிவிட்டு அடித்தேன். அப்புறம் மறுபடியும் எழுதினேன். சங்கீதக்காரன் அடிக்கவில்லையே.

இங்கே எல்லாரும் கேட்கிற கேள்வி: இது முறுமுறுப்பு இல்லையா? வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களைக் கர்த்தர் தண்டித்தாரே?

உபாகமம் 1:27-ஐ எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேல் ஜனங்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள். சொன்னது என்ன? "கர்த்தர் நம்மை வெறுத்து" இங்கே கொண்டுவந்தார் என்று. கூடாரத்துக்குள், ஒருவரோடொருவர், "கர்த்தர்" என்று மூன்றாம் ஆளாக வைத்துப் பேசினார்கள். இப்போது எண்ணாகமம் 11-க்குப் போங்கள். மோசே கர்த்தரிடமே போகிறான்: ஏன் எனக்கு இந்த உபத்திரவம், இந்த ஜனங்களையெல்லாம் நானா பெற்றேன், இது எனக்கு மிஞ்சின பாரம், இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறான். இதைவிடக் கடுமையாகப் பேசமுடியாது. கர்த்தர் அவனைக் கண்டிக்கவில்லை. பாரத்தைப் பங்குபோட 70 மூப்பர்களைக் கூட்டிவரச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் வருத்தம் ஒன்றுதான். மோசே அதை எடுத்துக்கொண்டு எங்கே போனான் என்பதுதான் வித்தியாசம்.

சிலுவையில் இயேசு சொன்னதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான்: "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" கைவிட்டீர் என்று சொல்கிற அதே வாயில் "என்" என்பது இரண்டு தடவை வருகிறது. பயந்துபோய் நிறுத்துகிறவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்தப் படியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகள் சில.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் "ஆனாலும் ஸ்தோத்திரம்" சேர்ப்பது. பாதி சொல்லி மூடிவிட்டால் மீதி உள்ளேயே கிடக்கும். ஸ்தோத்திரத்துக்கு இடம் வருகிறது, பொறுங்கள்.

எந்தப் பாவத்தால் இது வந்தது என்று தோண்டிக்கொண்டே இருப்பது. குறிப்பாக ஒரு பாவம் மனசை உறுத்தினால் 51-ஆம் சங்கீதத்தை வைத்து அறிக்கையிட்டு, அதோடு விடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாதபோது தேடிக் கண்டுபிடிக்கவேண்டாம். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்னார், யோவான் 9:3.

கோபத்தை மனுஷர்மேல் இறக்குவது. ஏமாற்றினவன்மேல், சீட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவள்மேல் எரிச்சல் இருந்தால், அதையும் இங்கேயே, பெயர் சொல்லி, கர்த்தரிடம் கொட்டுங்கள். 109-ஆம் சங்கீதம் அப்படிப்பட்டதுதான். அவரிடம் கொட்டினதைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போகவேண்டாம்.

முறையீட்டுக்கு எத்தனை நாள்? சிலருக்கு ஒரு வாரம், எனக்கு இரண்டு மாதம். நான்கு வரியும் மாறாமல் அப்படியே வந்துகொண்டிருந்தால் அடுத்த படியையும் சேர்த்துக்கொள்ளலாம், இதை நிறுத்தவேண்டியதில்லை.

7. வேண்டியதை நேராகக் கேளுங்கள்

13-ஆம் சங்கீதத்தில் மூன்றாம் வசனம் "நோக்கிப்பார்த்து" என்று கேட்கிறது, "என் கண்களைத் தெளிவாக்கும்" என்கிறது. சுற்றிவளைப்பு இல்லை.

சிலர் இங்கே நேராக "உம் சித்தம் ஆகட்டும்" என்று போய்விடுவார்கள். பக்தியாகத் தெரியும். கெத்செமனேயில் வரிசை வேறு மாதிரி. "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்பது முதலில், "உம்முடைய சித்தத்தின்படியே" என்பது அப்புறம். இயேசுவே கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொடுத்தார். நான் இரண்டாவதை மட்டும் சொன்ன நாட்களை யோசித்தால், கேட்டுக் கிடைக்காவிட்டால் தாங்கமுடியாது என்ற பயம்தான் அதற்குள் இருந்தது.

பேரம் வேண்டாம். "குணமாக்கினால் இவ்வளவு காணிக்கை, மகனை ஊழியத்துக்கு அனுப்புகிறேன்" என்று பொருத்தனை பண்ணுகிறவர்கள், கேட்டது நடக்காவிட்டால் பொருத்தனை போதவில்லையோ என்று தொகையை ஏற்றிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் விலை பேசவேண்டியதில்லை.

8. நடந்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்

77-ஆம் சங்கீதத்தின் நடுவில் அடுக்கடுக்காகக் கேள்விகள். ஆண்டவர் தள்ளிவிடுவாரோ, கிருபை அற்றுப்போயிற்றோ, இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்று. அவற்றைக் கேட்டு முடித்த பிறகுதான் சங்கீதக்காரன் பழைய காரியங்களை நினைக்கிறான். வரிசையைக் கவனியுங்கள்; கேள்விக்கு முன்னால் நினைவுகூர்ந்தால், நினைவு கேள்வியின் வாயை அடைக்கிற துணியாகிவிடும்.

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, உங்கள் வாழ்க்கையில் நடந்த மூன்று காரியங்களைத் தேதியோடு எழுதுங்கள். பெரியதாக இருக்கவேண்டியதில்லை. என் பக்கத்தில் இருந்த ஒன்று: டயாலிசிஸ் அறை வாசலில் பழக்கமே இல்லாத ஓர் அம்மா, பேச்சே கொடுக்காமல், தன் டிபன் டப்பாவில் பாதி இட்லியை என் பக்கம் நகர்த்தினது.

அந்தச் சங்கீதத்தின் 19-ஆம் வசனத்தை அடிக்கோடிடுங்கள். செங்கடலைக் கடந்ததைப் பற்றிச் சொல்லும்போது, "உமது வழி கடலிலும்" இருந்தது, "உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று" என்கிறது. கர்த்தர் முன்னால் நடந்தார். தண்ணீர்மேல் தடம் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லையே என்று யாராவது அழும்போது நான் வேறெந்த வசனத்துக்கும் முந்தி இதைத்தான் எடுப்பேன்.

9. இப்போது வாக்குத்தத்தம்

முதல் நாளே கையில் திணிக்கப்படுகிற, வாக்குத்தத்த வசனம் எழுதின அட்டையை இப்போது எடுக்கலாம். ஆனால் அட்டையில் இருக்கிற ஒரு வரியோடு நிறுத்தாமல், அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்தது, தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அந்த வருஷமே அவர் குணமாவார் என்று எடுத்துக்கொண்டேன். டிசம்பரில் அந்த அட்டையைப் பார்க்கவே கசந்தது. அப்புறம்தான் முந்தின வசனங்களை வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. 10-ஆம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. 5-ஆம் வசனத்தில், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் பலனைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று சொன்ன ஆட்களை நம்பாதிருக்கச் சொல்கிற கடிதம். சிறையிருப்புக்குள்ளேயே அவர்களோடு பேசுகிற கர்த்தரை அங்கே பார்த்தேன். அந்த வாரம் மொட்டைமாடித் தொட்டியில் வெண்டைக்காய் விதை போட்டேன்.

ஏசாயா 43:2-ஐயும் அப்படியே பாருங்கள். "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." தண்ணீர் உண்டு, கடப்பதும் உண்டு. கொடுக்கப்படுகிற வாக்கு "உன்னோடு" என்பது.

இந்த இடத்தில் 13-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தை உங்கள் வரியாக எழுதுங்கள்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." அந்தச் சங்கீதத்தில் சூழ்நிலை மாறினதாக ஒரு வார்த்தையும் இல்லை, அதற்குள் இந்த வசனம் வந்துவிடுகிறது. வாயில் வராவிட்டால் எழுதவேண்டாம். அடுத்த நாள் மறுபடியும் முதலிலிருந்து வாருங்கள்.

10. ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்

முதல் படியில் பேசி வைத்த ஆளிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: "என்னால் வாசிக்கமுடியாத நாளில் நீங்கள் வந்து இந்தச் சங்கீதத்தை எனக்காக வாசியுங்கள்." அதற்கு மேல் வேண்டாம். ஜெபக்குறிப்பு என்று வாட்ஸாப் குழுவில் எல்லா விவரத்தையும் போட்டால், மறுநாள் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதே தனி வேலையாகிவிடும். குழுவுக்கு ஒரு வரி போதும்.

போய் உட்காருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போகாமல் முதலில் கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் ஏற்றிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தது எல்லாம் அதுதான்.

11. ஒன்றும் அசையாத வாரங்கள்

எல்லாப் படியும் செய்தும் உள்ளே கல் மாதிரி இருக்கும். அந்த வாரத்துக்கு 88-ஆம் சங்கீதம். அது நம்பிக்கை வரியோடு முடியாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடியும். அதைச் சபை வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இரவு மன்றாட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அதைத்தான் சொல்கிறார்கள். முதல் வசனத்தில் மட்டும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று ஒரு கூப்பிடுதல் இருக்கிறது. அந்தக் கூப்பிடுதலே அன்றைய ஜெபம்.

அதுவும் முடியாவிட்டால் பெருமூச்சு போதும். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

ஆலயத்துக்குப் போகமுடியாவிட்டால் போதகரிடம் சொல்லி நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்கத் தயங்குகிறார்கள், அது அவருடைய வேலைதான். மனசுக்கு ஒன்றும் எட்டாத நாளில் கையில் வைக்கப்படுகிற அப்பம் பெரிய காரியம்.

12. வேறு உதவி தேவைப்படும் அடையாளங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்கவேண்டாம். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியாவின் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

13. கேட்டது கிடைக்காமல் முடிந்தால்

என் கணவர் குணமாகவில்லை. ஆறாம் வருஷம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, போய்விட்டார். அன்றைக்கும் கையைத் தொட்டுப் பார்த்தோம். "ஓடுது" என்று நான்தான் சொன்னேன், அவருக்குப் பேச்சு இல்லை. 31-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தை அவர் காதருகே வாசித்தேன்: "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." இயேசு சிலுவையில் கடைசியாகச் சொன்னதும் அதுதான் என்று லூக்கா எழுதியிருக்கிறார்.

இப்படி முடிந்தவர்களுக்கு நான் சொல்வது: பழைய நோட்டைத் தொடராதீர்கள். அதில் இருக்கிற கேள்விகள் வேறு ஒரு பாரத்தைப் பற்றியவை. அதை மூடி அலமாரியில் வையுங்கள், எரிக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் ஒன்றும் எழுதாமல் விடலாம். அந்த நாட்களில் 10-ஆம் படியின் ஆள் வாசிக்கட்டும். அப்புறம் புது நோட்டு, மூன்றாம் படியிலிருந்து, புது வரி.

நான் 13-ஆம் சங்கீதத்துக்கே திரும்பினேன். நான்கு "எதுவரைக்கும்" எழுத உட்கார்ந்தால், நான்காவது வரவில்லை. பங்குபோட மெஷின் இல்லை. அந்த வரியைக் காலியாகவே விட்டேன். மீதி மூன்றும் "நீர்" என்றுதான் தொடங்கின.